நம்ம ஆளுகளை அதட்டினால்தான் வேலை ஓடுமா?

"நம்ம ஆளுகள அதட்டி வச்சாத்தான் வேலை ஓடும்." அருப்புக்கோட்டைப் பக்கத்து நூற்பாலை மேஸ்திரியானாலும் சரி, சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் புராஜெக்ட் மேனேஜரானாலும் சரி, நிர்வாகம் என்று பேச்செடுத்தால் கடைசியில் இந்த ஒரு வாக்கியத்தில்தான் வந்து நிற்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் இதையே நாசூக்காகச் சொல்வார்கள்: நம்முடையது மேல் கீழ் பார்க்கிற பண்பாடு; பெரியவர் முடிவெடுப்பார், சின்னவர் செய்வார்; எதிர்க்கேள்வி கேட்பது நமக்குப் பழக்கமில்லை. இதற்குச் சாட்சியாக ஓர் எண்ணையும் எடுத்துப் போடுவார்கள். டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட், ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1967க்கும் 1973க்கும் இடையில் வாங்கிய கேள்வித்தாள்களை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். 1980இல் அது புத்தகமானது. அதிகார இடைவெளி என்கிற கணக்கில், அதாவது கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் அதிகாரத்தை எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார் என்பதில், இந்தியாவுக்கு 77. எம்பிஏ படித்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஒரே ஒரு அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டுவிட்டு ஒரு தேசத்தின் மனதை அளந்துவிட்டதாகச் சொல்வது எப்படி என்று மேலாண்மை ஆய்வாளர் பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் கடுமையாகவே கேட்டார். ஆனால் அந்தச் சண்டையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த 77ஐ முழுசாகவே ஒப்புக்கொண்டாலும், அதிலிருந்து "அதட்டினால்தான் ஓடும்" என்கிற முடிவுக்கு வரமுடியாது. நம் பண்பாட்டுக்குள் ஒரே ஒரு தலைமை இல்லை. குறைந்தது இரண்டு இருக்கின்றன. எதை எடுத்து நிறுவனத்துக்குள் வைப்பது என்று தீர்மானிப்பவர் நிர்வாகி. தீர்மானித்துவிட்டுப் பழியைப் பண்பாட்டின் மேல் போடுகிறார். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

ஆதாரத்துக்குத் தூரம் போகவேண்டாம். பாளையம்பட்டி போதும். இன்று அருப்புக்கோட்டையோடு ஒட்டிக்கொண்ட ஊர். பேருந்தில் போகிறவர்களுக்கு எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஆனால் தமிழ்நாட்டு வணிக வரலாற்றில் இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பட்டி, கருவாடு, உப்பு, பருத்தி என்று வண்டி கட்டி வந்த நாடார் வணிகர்கள் இராமநாதபுரம் சீமையின் கரிசல் காட்டில் ஊன்றிய ஆறு ஊர்களில் ஒன்று இது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் எழுதிய நாடார்கள் பற்றிய நூலில் இந்த ஆறு ஊர்களைப் பற்றி விரிவாகவே சொல்கிறார். வந்தவர்கள் முதலில் பேட்டை அமைத்தார்கள். வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாக இருக்கச் சுற்றுச்சுவர் வைத்த இடம். பேட்டையைப் பயன்படுத்துகிறவர் சரக்குக்கு ஏற்ப ஒரு சிறு தொகை கட்டவேண்டும், அதுதான் மகமை. மகமையை வசூலிக்கவும் செலவழிக்கவும் ஓர் அமைப்பு வேண்டுமல்லவா? உறவின்முறை அப்படித்தான் வந்தது.

உறவின்முறையில் கல்யாணமான ஆண்கள் எல்லோரும் உறுப்பினர். பொறுப்பில் இருப்பவர் முறைகாரர். ஊருக்கு ஊர் விதிகள் வேறுபட்டாலும் சாரம் ஒன்றுதான்: பொறுப்பு ஒருவரிடமே தங்காது, சுற்றி வரும். பெரிய மண்டிக்காரர் என்பதால் நிரந்தரமாக நாற்காலியில் உட்கார முடியாது. சின்னக் கடைக்காரர் என்பதால் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. தன் முறை வரும்போது ஏற்றுத்தான் ஆகவேண்டும். வசூலித்த காசுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். இன்று யாரிடம் கறாராகக் கேட்கிறேனோ, நாளை அவரிடம் நான் கணக்குச் சொல்லி நிற்கவேண்டியிருக்கும். இந்த ஓர் ஏற்பாடு மனிதர்களின் பேச்சையே மாற்றிவிடும். அதட்டுகிறவரின் குரல் தானாகவே இறங்கும். நாளைக்கு நமக்கும் இதே வேலைதான் என்று தெரிந்தவர், இன்று பொறுப்பில் இருப்பவரின் சிரமத்தையும் புரிந்துகொள்வார். இதையெல்லாம் எந்த மேலாண்மைப் பேராசிரியரும் வந்து சொல்லித்தரவில்லை. விருதுநகரில் 1880களில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது இந்த மகமையில்தான். வீடு வீடாகப் பிடி அரிசி எடுத்துப் பள்ளி நடத்திய கதை காமராஜரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும். அவரும் அந்தப் பள்ளிப் பிள்ளைதான். கிணறு, சாவடி, கோவில், பள்ளி என்று அரசாங்கத்தின் கைக்காசு இல்லாமல் நடந்த நிர்வாகம் அது. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாகப் பெயர் மாறியது. அதன் பின்னாலும் இந்தக் கூட்டுச்சேமிப்புப் பழக்கம்தான் இருக்கிறது.

இங்கே ஒருவர் கை தூக்குவார். தூக்கவும் வேண்டும். "சாதி சங்கத்தைப் போய் ஜனநாயகத்துக்கு உதாரணம் காட்டுகிறாயே?" நியாயமான கேள்வி. உறவின்முறையில் பெண்களுக்கு இடமில்லை. வேறு சாதியாருக்கு இடமில்லை. கட்டுப்பாட்டை மீறியவருக்கு அபராதம், அதற்கும் மசியாதவரை ஊரே ஒதுக்கிவைப்பது என்று அதன் கை மிகக் கடுமையானது. நெருக்கமான ஊரில் ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பத்தின் மன அழுத்தத்தை எந்த அலுவலகத்து டென்ஷனோடும் ஒப்பிட முடியாது. கரிசல் காட்டின் இன்னொரு கூட்டு ஏற்பாடான கண்மாய் நிர்வாகத்தையும் இப்படித்தான் சிலர் பொன்னுலகமாக வரைவார்கள். மடை திறப்பதற்கென்று ஒரு நீர்பாய்ச்சி, ஆளாளுக்கு முறைத் தண்ணீர், ஊர்கூடி மராமத்து. மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2003இல் எழுதிய நூலில் அந்தப் படத்தைப் பொறுமையாகக் கழற்றிக் காட்டினார். தென்மாவட்டக் கண்மாய்களின் நீர்ப்பங்கீட்டுக்குள் பாளையக்காரர் அதிகாரமும் கோவில் மரியாதையும் சாதிப் படிநிலையும் பின்னிக் கிடந்தன என்பது அவர் வாதம். ஆகவே பழசு எல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. உறவின்முறையின் எல்லைக்கோடு தவறானது. அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்த நிர்வாக முறை தவறானதல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். கேள்வி கேட்பது நம் வழக்கத்திலேயே இல்லை என்கிற வாதத்தை உடைக்க, கோட்டுக்கு உள்ளே நடந்ததே போதும்.

அந்த நிர்வாக முறை ஏன் பிறந்தது என்பதும் கவனிக்கவேண்டியது. அது ஏதோ ஆதிகாலப் பண்பு அல்ல. வழியில் கொள்ளை, ஊரில் பகை, கோவில் வாசலில் தடை. கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் 1897இல் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் 1899இல் சிவகாசிக் கலவரம். இப்படிச் சுற்றிலும் எதிர்ப்பு இருந்த இடத்தில், ஒருவரையே நம்பி இருந்தால் அவர் விழும்போது எல்லோரும் விழுவார்கள் என்கிற கணக்கு அவர்களுக்குப் புரிந்தது. பொறுப்பைப் பகிர்ந்தால்தான் பாரமும் பகிரப்படும். ஆக, பண்பாடு என்று நாம் கும்பிடுகிற பலவும் ஒரு காலத்துத் தேவைக்குக் கட்டிய ஏற்பாடுதான். தேவைக்காகக் கட்டியதை, தேவை மாறினால் மாற்றியும் கட்டலாம்.

இப்போது இரண்டாவது தலைமைக்கு வருவோம். அதே மனிதர்கள், அதே ஊர்கள். ஆனால் இடம் மட்டும் கடை. மாலையில் சங்கத்துக் கூடத்தில் சமமாக உட்கார்ந்து கணக்குக் கேட்டவர், காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் முதலாளி. எதிரே நிற்பவன் கடைப் பையன். அவன் "அண்ணாச்சி" என்று கூப்பிடுவான். அவர் "ஏலே தம்பி" என்பார். அங்கே கேள்வி கிடையாது. இந்த உறவை வெறும் சுரண்டல் என்று ஒரே வரியில் முடித்துவிடவும் என்னால் முடியவில்லை. அதற்குள் எழுதாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. பையன் கடையிலேயே தங்குவான், அங்கேயே சாப்பிடுவான், அடி வாங்காத குறையாகத் தொழில் கற்பான். பத்து வருடத்தில் கொள்முதல், கடன், வாடிக்கையாளர் எல்லாம் பழகிவிடும். பிறகு அண்ணாச்சியே முன்னின்று கொஞ்சம் சரக்கைக் கடனாகக் கொடுத்து வேறொரு தெருவில் கடை வைத்துக்கொடுப்பார். சென்னையின் மூலை முடுக்கெல்லாம் அண்ணாச்சி கடை முளைத்தது இப்படித்தான். பணிவுக்கு ஒரு முடிவு தேதி இருந்தது; அதற்குப் பிறகு அவனும் முதலாளி. சுற்று நீளமானது, அவ்வளவுதான். முறைகாரர் ஏற்பாட்டில் குறுகிய காலத்தில் நடப்பது இங்கே பத்து வருடத்தில் நடந்தது.

அந்தச் சுற்று இப்போது அறுந்துவிட்டது. ஏழு மாடி ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் பெண், நாளைக்கு ஏழு மாடிக் கடை வைக்கப் போவதில்லை. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தபோது பார்வையாளர்களைச் சுட்டது இந்த இடம்தான்: தென்மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளைகளிடம் பழைய கடைப் பையனின் பணிவு முழுதாகக் கேட்கப்படுகிறது, பழைய கடைப் பையனுக்குக் கிடைத்த எதிர்காலம் மட்டும் இல்லை. ஒப்பந்தத்தின் ஒரு பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபாதியைப் பண்பாடு என்று சட்டம் போட்டு மாட்டிவைத்தார்கள். நாள் முழுக்க நிற்கவேண்டும். உட்கார்ந்தால் சோம்பேறி, முதலாளி முன்னால் உட்கார்ந்தால் மரியாதை தெரியாதவள். காலில் நரம்பு சுருண்டு, சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வந்து, அதையும் வெளியே சொல்ல வெட்கப்பட்டு எத்தனையோ பேர் நின்றார்கள். கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று எழுத வேண்டியிருந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் உட்காருவதற்குச் சட்டசபை கூடவேண்டியிருக்கிறது. மரியாதை என்ற பெயரில் ஓர் உடல் வலியை எத்தனை காலம் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பண்பாட்டை நிர்வாகக் கருவியாக எடுத்து ஆளுவது இதைவிட அப்பட்டமாக நடந்தது நூற்பாலைகளில். சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று எவ்வளவு மங்களகரமான பெயர்கள்! ஏழைக் குடும்பத்துப் பதின்வயதுப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்து, ஆலைக்குள்ளேயே விடுதியில் தங்கவைத்து, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பணம் கல்யாணச் செலவுக்கு, நகைக்கு. வெளியே போகக் கட்டுப்பாடு, போன் பேசக் கட்டுப்பாடு. கேட்டால், "பெற்றவர்கள் நம்மை நம்பி அனுப்பியிருக்கிறார்கள், பொம்பளைப் பிள்ளைகளை நாமதானே பார்த்துக்கணும்?" மூன்று வருடம் முடியுமுன் உடம்புக்கு முடியாமல் போனவர்களில் பலருக்கு அந்த மொத்தத் தொகை கைக்கு வரவில்லை. 2011இல் நெதர்லாந்தின் இரண்டு அமைப்புகள் தமிழ்நாட்டு ஆலைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகுதான் வெளிநாட்டுத் துணிக்கடைகள் விழித்துக்கொண்டன. கூலியைப் பிடித்துவைக்கும் ஒரு கணக்குப்புத்தக உத்தி, வரதட்சிணை என்கிற சமூக வழக்கத்தின் மேல் ஏறிச் சவாரி செய்தது. அப்பா ஸ்தானம் என்று சொல்லிக்கொண்ட நிர்வாகம், அப்பாவின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. அப்பாவின் கடமையை விட்டுவிட்டது.

மன அழுத்தம் என்று வரும்போது நாம் வழக்கமாக வேலையின் அளவைத்தான் பேசுகிறோம். வாரத்துக்கு 70 மணிநேரம் உழைக்கவேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023இல் சொன்னார். 90 மணிநேரம் என்று எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் பேசிய காணொளி 2025 ஜனவரியில் சுற்றியது. நாடே மணிக்கணக்கில் சண்டை போட்டது. மணிக்கணக்கு முக்கியம்தான்: 2023 ஏப்ரலில் 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றிய தமிழக அரசே, தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஆனால் ஆய்வுகள் இன்னொரு திசையையும் காட்டுகின்றன. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களான சுமார் 18,000 ஆண்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், இதய நோயால் இறந்தவர்கள் அதிகம் இருந்தது உச்சியில் அல்ல, அடியில். தலைக்கு மேல் வேலை என்று ஓடுகிற உயரதிகாரியைவிடக் கடைநிலை ஊழியரின் இதய நோய் மரணம் சுமார் மூன்று மடங்கு. புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வு பெண்களையும் சேர்த்துக்கொண்டது; தன் வேலையைப் பற்றித் தானே முடிவெடுக்க முடியாத நிலை இதய நோயோடு கைகோத்து வருவதைக் காட்டியது. இதற்கு முன்பே 1979இல் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் இதைச் சூத்திரமாகவே சொல்லியிருந்தார்: வேலைச்சுமை அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு என்கிற கூட்டணிதான் ஆளைக் கொல்கிறது, சுமை அதிகமிருந்தாலும் உரிமையும் இருந்தால் மனிதர் அதில் வளரவும் செய்வார்.

அது வெள்ளைக்காரனின் உடம்பு, நம் ஆளுக்கு முடிவெடுக்கச் சொன்னால்தான் டென்ஷன் என்று வாதிடுபவர்கள் உண்டு. இந்த மறுப்பை நான் மற்றவற்றைவிட மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இதற்குப் பின்னால் ஓர் உண்மையான இந்திய ஆய்வாளர் இருக்கிறார். பாட்னாவைச் சேர்ந்த ஜெய் பி. பி. சின்ஹா 1980இல் எழுதிய நூலில், இந்தியத் தொழிலாளி எடுத்த எடுப்பில் கூட்டாக முடிவெடுக்கும் தலைவரை விரும்புவதில்லை; பாசத்தோடு வேலை வாங்குகிற, வளர்த்துவிடுகிற தலைவரிடம்தான் நன்றாக உழைக்கிறார் என்றார். நம் ஊர் நிர்வாகிகள் இதில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். மறுபாதியைப் படிக்கவில்லை. சின்ஹாவின் தலைவர் பாசத்தைச் சும்மா தருவதில்லை, வேலை செய்தால்தான் தருகிறார். அதைவிட முக்கியம், கீழே இருப்பவர் தேறத் தேறத் தலைவர் தன் பிடியைத் தளர்த்திக்கொண்டே போய்க் கடைசியில் கூடிப் பேசி முடிவெடுக்கும் நிலைக்கு வரவேண்டும். வளர்ப்பு என்பதே அதுதானே? இருபது வருடம் சர்வீஸ் போட்ட ஃபிட்டரை இன்னமும் "டேய்" போட்டுக் கூப்பிட்டுவிட்டு அதைப் பாசம் என்று சொல்பவருக்கு சின்ஹா துணைக்கு வரமாட்டார். அண்ணாச்சி கடையின் பழைய ஒப்பந்தம், சரியாக நடந்த இடங்களில், சின்ஹா சொன்னதைத்தான் செய்தது.

இன்னொரு மறுப்பும் இருக்கிறது. உறவின்முறையில் எல்லோரும் சமமான உறுப்பினர். கம்பெனியில் முதல் போட்டவர் ஒருவர், நஷ்டம் வந்தால் போவது அவர் பணம். அங்கே முறை வைத்துத் தலைமை எப்படி? முதலாளியை மாதாமாதம் மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேள்வி, தறிக்குப் பக்கத்தில் எடுக்கவேண்டிய முடிவைத் தறிக்குப் பக்கத்தில் நிற்பவர் எடுக்கலாமா என்பதுதான். 1953இல் அகமதாபாத் காலிகோ மில்ஸில் இது சோதித்தே பார்க்கப்பட்டது. தானியங்கித் தறிகள் வந்திறங்கின. ஆனால் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை, துணியில் பழுதும் குறையவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து வந்த ஏ. கே. ரைஸ் பார்த்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வேலை. இழை முடிபவர் தனி, தார் போடுபவர் தனி, எண்ணெய் விடுபவர் தனி. மொத்தத் தறிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. சில தறிகளுக்கு ஒரு சிறு குழு, குழுவே வேலையைப் பிரித்துக்கொள்ளட்டும், தலைவரும் உள்ளிருந்தே வரட்டும் என்று யோசனை வந்ததும், யார் யாரோடு சேர்வது என்பதைத் தொழிலாளர்களே மேற்பார்வையாளர்களோடு பேசி மளமளவென்று தீர்த்துக்கொண்டார்கள். உற்பத்தி ஏறியது, பழுது இறங்கியது. முதலாளி முதலாளியாகவே இருந்தார். அதிகார இடைவெளி 77 என்று பின்னாளில் மதிப்பெண் வாங்கப்போகிற அதே நாட்டில், அந்த மதிப்பெண்ணுக்குக் கால் நூற்றாண்டுக்கு முன் நடந்தது இது.

முழுக் கதையையும் சொல்லிவிடவேண்டும். அதே டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் 1970 வாக்கில் திரும்பப் போய்ப் பார்த்து 1975இல் எழுதினார். ஒரு கொட்டகையில் குழு முறை ஏறக்குறைய அப்படியே நிலைத்திருந்தது. மற்றவற்றில் பழைய வழிக்கே வழுக்கிப் போயிருந்தது. சந்தை நெருக்கடி வரும்போதெல்லாம் மேலே இருந்து கைகள் நீண்டு, குழுவின் முடிவுகளை மீண்டும் தம்மிடம் எடுத்துக்கொண்டன. தொழிலாளர்களின் பண்பாடு இடம்கொடுக்கவில்லை என்பதல்ல அந்தத் தோல்வி. மேலிருந்தவர்கள் பொறுக்கவில்லை என்பதுதான். என் வாதத்துக்கு இது பலம் என்றே நினைக்கிறேன், ஆனால் எச்சரிக்கையும்கூட: நல்ல ஏற்பாடு தானாக நிலைக்காது. பாளையம்பட்டி வணிகர்களுக்கு வெளியே இருந்த பகை அதைக் கட்டிக் காத்தது. ஆலையில் அதை எது காக்கும்?

இன்றைய நிலவரம் இன்னும் சிக்கல். தமிழ்நாட்டு ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிறைய வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் அண்ணாச்சி, தம்பி என்கிற சொற்கள் எடுபடாது. உறவுச்சொல்லை வைத்தே நிர்வாகம் நடத்திப் பழகிய மேஸ்திரிக்குக் கையில் இருந்த ஒரே கருவி போய்விட்டது. மிஞ்சியது அதட்டல் மட்டும். மேலே இருந்து டார்கெட், கீழே மொழி புரியாத முகங்கள். நடுவில் நிற்கும் இந்த மேஸ்திரி, சூப்பர்வைசர், டீம் லீடர் வகையறாவின் மன உளைச்சலைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அவருக்கு அதிகாரம் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் முடிவெடுக்கும் உரிமை ஒன்றும் இருக்காது. கராசெக் சொன்ன கூட்டணி கச்சிதமாகப் பொருந்துவது அவருக்குத்தான். தலையில் எல்லாவற்றையும் தூக்கிவைத்துக்கொள்ளும் முதலாளிக்கும் கொஞ்சம் பரிதாபப்படலாம்: ஒரு போல்ட் வாங்கவும் அவர் கையெழுத்து வேண்டும் என்று அமைத்துக்கொண்டால், மகள் கல்யாணப் பந்தலிலும் போன் அடிக்கத்தான் செய்யும்.

யோகா வகுப்பு, மாதம் ஒரு மனநல உரை, சுவரில் ஊக்க வாசகங்கள் என்று கம்பெனிகள் செய்வதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அவையெல்லாம் அழுத்தத்தைத் தனிமனிதரின் மூச்சுப் பயிற்சிக் குறைபாடாகப் பார்க்கின்றன. அழுத்தம் பிறக்கிற இடம் மூச்சில் இல்லை. யாரிடம் கேட்கலாம், யார் பதில் சொல்லவேண்டும், பொறுப்பு எப்போது கைமாறும் என்பதில் இருக்கிறது. இதைச் சரிசெய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் வேடிக்கை. தொழில் தகராறு சட்டத்தில் 2010இல் ஒரு திருத்தம் வந்தது. 20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் ஒவ்வொரு தொழில் நிறுவனத்திலும் குறைதீர் குழு இருக்கவேண்டும். நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கவேண்டும். பெண்களுக்கு இடம் வேண்டும். தலைவர் பதவி ஒரு வருடம் நிர்வாகத்துக்கு, மறு வருடம் தொழிலாளிக்கு என்று சுழன்று வரவேண்டும். 2020இல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்தச் சுழற்சி அப்படியே இருக்கிறது. பேட்டைக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருந்த ஏற்பாட்டின் ஒரு துண்டு, சாதி வேலியும் ஆண் வேலியும் இல்லாமல், நாடாளுமன்றச் சட்டமாகவே கையில் இருக்கிறது.

ஆலையோ, ஜவுளிக்கடையோ, அலுவலகமோ, 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் நீங்கள் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். அங்கே குறைதீர் குழு இருக்கிறதா, இந்த வருடம் தலைவர் பதவி எந்தத் தரப்பின் முறை என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். முதலாளியாக இருந்தால் உங்கள் மேனேஜரிடம் கேளுங்கள். "நம்ம ஆளுக இதுக்கெல்லாம் பழகலை" என்று பதில் வந்தால், பாளையம்பட்டியில் 150 வருடத்துக்கு முன்பே பழகிவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.